நாலு வாத்தியம், ஒரு சம்பளம்

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, மேளம் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, செட்டுல எத்தன பேரு?" என்பதுதான். எட்டுப் பேர் என்று சொன்னால், ஆறு பேர் போதாதா என்பார்கள். அந்த இரண்டு பேரின் இடத்தை நிரப்பியே என் வாழ்க்கையில் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. உடுக்கை, தவில், பம்பை, நாதஸ்வரம் என்று நான்கு வாத்தியங்களைக் கோயில் முன்னால் துணிந்து வாசிக்கும் அளவுக்குக் கற்றிருக்கிறேன். குடத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை யாரும் சேர்ப்பதில்லை, எனக்கு எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது அதுதான் என்றாலும். பல வாத்தியங்களைக் கற்க விரும்பும் இளைஞர்கள் இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னவற்றை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

1986ஆம் ஆண்டு, பதினோரு வயதில், என் தாய்மாமனின் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்க உட்கார்ந்தேன். வில்லுப்பாட்டை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பனைமரத்தில் செய்த நீண்ட வில், அதில் இழுத்துக் கட்டிய தோல் நாண், வில்லில் வரிசையாகத் தொங்கும் மணிகள், தலைமைப் பாடகரான அண்ணாவியின் இரு கைகளிலும் நாணைத் தட்டும் வீசுகோல், பக்கத்தில் உடுக்கை, தாளம், கட்டை, வில்லோடு சேர்த்து அணைத்து வைத்த மண்குடம். குடக்காரன் வட்டமான மட்டையால் குடத்தின் வாயில் அடிப்பான். மறுகையில் ஒரு காசை வைத்துக்கொண்டு அதன் வயிற்றில் தட்டுவான். இரவு பத்து மணிக்குக் காப்புப் பாடித் தொடங்கும் கதை விடியும்வரை போகும். அத்தனை நேரமும் மாமா கதையை நிறுத்தி வசனம் பேசுவார், விருத்தம் இழுப்பார், ஒப்பாரி வைப்பார். குடக்காரன் மட்டும் காலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கைவேகமோ அழகோ அந்த வேலைக்குத் தேவையில்லை. தூங்காமல் இருந்தால் போதும். அந்த ஐந்தாண்டுகளில் என் உடம்புக்குள் இறங்கிய காலக்கணக்கைத்தான் பிறகு எடுத்த ஒவ்வொரு வாத்தியத்திலும் செலவழித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் முதல் வாத்தியம் எது என்று கேட்கிறவர்களிடம், தாளத்தையோ குடத்தையோ பிடித்து ஒரு கொடைக்காலம் முழுவதும் ஓரமாக உட்காரச் சொல்கிறேன். பெரும்பாலோர் அதற்குப் பிறகு வருவதில்லை.

ஓர் இரவு, முத்துப்பட்டன் கதை நடுவில், என் மண்குடம் பிளந்துவிட்டது. மாமா பாட்டை நிறுத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருத்தி தண்ணீர் பிடித்து வைத்திருந்த பானையை ஊற்றிக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பானை நனைந்திருந்ததால் ஓசையே எழவில்லை. ஈரம் காயும்வரை, ஏறக்குறைய அரைமணி நேரம், என் தொடையிலேயே தட்டிக் காலம் கொடுத்தேன். மறுநாள் தொடை கன்றிப் போயிருந்தது. அன்றிலிருந்து, எந்த வாத்தியத்துக்குப் போனாலும் அதில் உடையக்கூடிய பொருள் எதுவோ அதற்கு மாற்று ஒன்றைப் பையில் வைக்காமல் வண்டி ஏறியதில்லை.

உடுக்கை அடுத்தது. இடுப்பு ஒடுங்கிய அந்தச் சின்ன வாத்தியத்தின் நடுவில் ஓடும் கயிற்றை இடது கையால் அழுத்தினால் ஓசை உயரும், தளர்த்தினால் இறங்கும். வலது கை விரல்கள் தட்டுவது எளிது; கடினம் இடது கையில்தான் இருக்கிறது. பாடுகிறவரின் குரல் எங்கே உடையப்போகிறது என்பது அவருக்கு முன்பே நமக்குத் தெரிந்து, அந்த இடத்தில் கயிறு தளர வேண்டும். இதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. மாமாவின் கழுத்து நரம்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

தவில் கற்க வேண்டும் என்று ஆசைப்பட்டபோது வேறொரு பிரச்சினை வந்தது. எந்த வாத்தியத்தை யார் தொடலாம் என்பதில் எங்கள் ஊர்களில் சாதிக்குச் சாதி எழுதாத சட்டம் உண்டு. இன்றைக்கும் முழுமையாகப் போய்விடவில்லை. முதலில் போய்க் கேட்ட வாத்தியார் என் தெருவின் பெயரைக் கேட்டார், பிறகு திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டாவதாகக் கேட்டவர் எதையும் கேட்கவில்லை. கையைக் காட்டச் சொன்னார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார், நாளையிலிருந்து வா என்றார். எட்டு மாதம் தவிலைத் தொடவிடவில்லை. ஒரு பலகையை மடியில் வைத்து, வாயால் சொல்லிக்கொண்டே த, தி, தொம், நம் என்று இடது கைக் கழியும் வலது கை விரலும் மாறிமாறி விழவேண்டும், அவ்வளவே பாடம். விரலுக்குக் கூடு செய்வதையும் அவரே கற்றுத்தந்தார்: துணி நாடாவைப் பசையில் தோய்த்து, விரல் அளவுக்குச் சுற்றி, வெயிலில் காயவைத்து, இன்னொரு சுற்று, இன்னொரு காய்ச்சல். கடையில் வாங்கிய கூடு ஒருபோதும் என் விரலுக்குப் பொருந்தியதில்லை. அடுத்தவன் கூட்டை இரவல் வாங்கிப் போட்டு வாசித்தவர்களின் நகக்கண் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தவிலையே என் வீடாக வைத்துக்கொண்டேன். பல வாத்தியக்காரனுக்கு இது இன்றியமையாதது என்று நினைக்கிறேன்: மற்றவை எல்லாம் போய்வரும் இடங்களாக இருக்கலாம், ஆனால் ஒன்றில் மட்டும் யார் எழுப்பிக் கேட்டாலும் தூக்கத்தில் வாசிக்கும் அளவுக்கு வேர் இருக்க வேண்டும். நான்கையும் சம அளவில் கற்கிறேன் என்று கிளம்பிய இரண்டு பேரை அறிவேன். நான்கிலும் அவர்களைக் கூப்பிடும்போது, வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதால்தான் கூப்பிட்டார்கள்.

பம்பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மிகவும் அவமானப்பட்டதும் மிக அதிகம் கற்றதும் அதில்தான். இரண்டு முழவுகளைச் சேர்த்துக் கட்டி இடுப்போடு பிணைத்துக்கொண்டு குச்சியால் அடிக்கிற வாத்தியம் அது. தவிலில் ஏழெட்டு ஆண்டு அனுபவம் வந்தபிறகு, ஒரு சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போயிருந்தோம். எங்கள் பம்பைக்காரரின் மாமனார் அன்று காலையில் இறந்துபோனதால் அவர் வரவில்லை. நான் வாசிக்கிறேன் என்று நானே முன்வந்தேன். மதியக் கொடை ஒருவாறு ஒப்பேறியது. சாமக் கொடைக்குச் சாமியாடி வந்து நின்றார். எழுபது வயதிருக்கும், இடுப்பில் கச்சையும் மணி கட்டிய சல்லடமும், கையில் வல்லயம் என்கிற ஈட்டி. நான் தவிலில் கற்ற தாளக் கோர்வைகளையெல்லாம் பம்பையில் கொட்டினேன். கூட்டத்தில் இளைஞர்கள் விசிலடித்தார்கள். கால்மணி நேரம் ஆயிற்று. பெரியவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருக்கிறவரைப்போல, அப்படியே நின்றார். சாமி வரவில்லை. கோயில் பெரிய தனக்காரர்கள் எங்களை முறைக்கத் தொடங்கினார்கள். அப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி எழுந்து என் அருகில் வந்து, காதோடு சொன்னாள்: "ஏ தம்பி, நீ ஓடுத. சாமி நடந்துல்லா வருது."

எல்லாக் கோர்வைகளையும் விட்டேன். ஒரே அடி, இடைவெளி, இரண்டு அடி, இடைவெளி. இதையே திரும்பத் திரும்ப, கை கூசும் அளவுக்கு எளிமையாக வாசித்தேன். எனக்குப் பின்னால் தவில்காரர்களும் அடங்கினார்கள். எத்தனை முறை என்று எண்ணவில்லை. முதலில் பெரியவரின் வலது குதிகால் மட்டும் நடுங்கியது. சல்லடத்து மணிகள் அதைச் சொன்னபிறகுதான் நான் பார்த்தேன். பிறகு தோள். பிறகு கூட்டம் விலகியது.

சாமி இருக்கிறதா, இறங்குகிறதா என்ற விவாதம் வேறு. எனக்கே அதில் ஒரு நாள் ஒரு கருத்தும் மறுநாள் வேறொரு கருத்தும் வருவதுண்டு. வாசிக்கிறவனுக்கு அந்த இரவில் கிடைத்த பாடம் எளியது. அந்த ஊர் தன் சாமியின் நடையை நூறாண்டுகளாகக் காதில் வைத்திருக்கிறது. அந்த நடையை அறியாமல் கைத்திறமையைக் காட்டுவது பிறர் வீட்டுக் கல்யாணத்தில் நம் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வதுபோல. அதற்குப் பிறகு, புதிய ஊர் என்றால் மாலையிலேயே போய்ப் பூசாரியிடமோ வயதான சாமியாடியிடமோ, போன கொடைக்கு எந்த மேளம் வந்தது, எந்த அடிக்கு அருள் வந்தது என்று கேட்டு வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது வாத்தியத்துக்குப் போகிறவர்களிடமும் இதையே சொல்கிறேன்: முதல் வாத்தியத்தின் மொழியைக் கொண்டுபோய் அதில் பேசாதீர்கள். தவில்காரன் பம்பையைத் தவிலாகவே அடிப்பான். கேட்பவர்களுக்கு உடனே தெரியும், அடிப்பவனுக்குத்தான் தெரியாது. அந்தக் கொடைக்குப் பிறகு நான் இரண்டு மாதம் பம்பையைத் தொடாமல், எங்கள் பம்பைக்காரருக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். துக்க வீட்டிலிருந்து திரும்பிய மனிதர் என்னிடம், "என் இடத்துல நின்னு என்னைய நல்லா மணக்க வச்சிட்டீரே" என்று சிரித்ததை மறக்கவில்லை.

நாதஸ்வரத்துக்கு ஒத்து வழியாகப் போனேன். இப்போது சுருதிப்பெட்டி வந்துவிட்டதால் ஒத்தைப் பார்ப்பதே அரிது. ஒரே சுருதியை அறுந்துபோகாமல் ஊதிக்கொண்டிருக்க வேண்டிய நீண்ட குழல் அது. துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் உள்ளிழுக்கும் பழக்கம் அதில்தான் வந்தது. ஒத்து கிடைக்காதவர்கள், ஒரு தம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை வைத்துக் குமிழி நிற்காமல் ஊதிப் பழகலாம். என் மகன் அப்படித்தான் கற்றான். சீவாளியைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகும். கொறுக்கைத் தட்டையில் செய்து குழலின் வாயில் செருகும் அந்தச் சிறு நாக்கு, வாயில் ஊறும்போது ஒரு குணம், காற்றில் காய்ந்ததும் வேறு குணம். தஞ்சைப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் செட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் குழல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சீவாளி சரியில்லையென்றால் அது வெறும் மரம்தான். பையில் நான்கு சீவாளிகளாவது வைத்திருப்பேன், இரண்டை முன்கூட்டியே ஊதிப் பழக்கி.

நாதஸ்வரம் எனக்கு முழுமையாக வசப்படவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாயனமாக நின்று முதல் நாயனத்தைத் தொடர்ந்து ஊதுவேன். தனியாக ஒரு ராகத்தை விரிக்கச் சொன்னால் கால்மணி நேரத்தில் சரக்கு தீர்ந்துவிடும். இதில் உடல் சார்ந்த ஒரு நுட்பமும் உண்டு. தவில் அடித்த கை ஒருமணி நேரத்துக்கு உள்ளுக்குள் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த விரல்களைத் துளைகளின்மேல் வைத்தால் கமகம் வராது, நடுக்கம்தான் வரும். அதனால் ஒரே இரவில் இரண்டையும் வாசிக்க நேர்ந்தால் முதலில் குழல், பிறகு தோல். மாற்றிச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுவேன்.

இனி காசு விஷயம். தொழிலில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நான் இரண்டு மூன்று வாத்தியங்களை வாசித்துவிட்டு ஓர் ஆள் சம்பளம் வாங்கினேன். இதில் மற்றவர்களைவிட என்மேல்தான் எனக்குக் கோபம். கேட்கக் கூச்சப்பட்டேன், எல்லாம் தெரிந்தவன் என்று சொல்லப்படுவதில் ஒரு போதையும் இருந்தது. ஒரு கொடைக்காலத்தில், மேளம் ஏற்பாடு செய்கிற இடைத்தரகர் ஒருவர், கோயிலில் எட்டு ஆளுக்குக் காசு பேசிவிட்டு எங்களை ஆறு பேராக அழைத்துப்போனார் என்பது கணக்குப் படிக்கும்போது ஊர்க்காரர்கள் சொல்லித்தான் தெரிந்தது. பம்பையும் இரண்டாம் நாயனமும் என் தலையில் விழுந்திருந்தன. அந்த இரண்டு பேரின் பணம் அவர் பைக்குப் போயிருந்தது. அதைவிட என்னைத் தைத்தது வேறு. எங்கள் பம்பைக்காரர் அந்த மாதம் முழுவதும் வீட்டில் இருந்தார். எந்தச் செட்டிலும் அவரைக் கூப்பிடவில்லை. நான் நிரப்பிய இடம் அவர் வீட்டு அடுப்பு என்பது அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு எனக்கென்று ஒரு வரையறை வைத்துக்கொண்டேன். வர முடியாமல் போனவருக்குப் பதிலாக வாசிப்பேன். வேண்டாம் என்று குறைக்கப்பட்டவருக்குப் பதிலாக வாசிக்க மாட்டேன். பதிலுக்கு வாசிக்கும்போது ஒன்றரைச் சம்பளம். இதை வண்டி ஏறுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். அதிகாலையில், எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது பேசினால் சண்டைதான் வரும். சட்டையில் குத்துகிற அன்பளிப்பு நோட்டுகள் குத்தப்பட்டவருக்கா, செட்டுக்குப் பொதுவா என்பதையும் அப்படியே. எங்கள் செட்டில் பொது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, ஊர், பேசியவர் பெயர், வாங்கிய முன்பணம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வாசித்த வாத்தியம் ஆகியவற்றை எழுதிவருகிறேன். 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வந்தபோது, இத்தனை ஆண்டு இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன் என்று காட்ட என்னிடம் இருந்த ஒரே சான்று அந்த நோட்டுகள்தான். எங்கள் தெருவில் என்னைவிட மூத்த கலைஞர்கள் கையில் ஒரு துண்டுத்தாளும் இல்லாமல் அலைந்தார்கள்.

என் உறுப்பினர் அட்டையில் கலை என்ற இடத்தில் தவில் என்று மட்டும் இருக்கிறது. அதில் குறையில்லை, நானே அப்படித்தான் எழுதிக்கொடுத்தேன். ஆனால் பெயர் என்பது ஒரு வாத்தியத்தோடுதான் ஒட்டும் என்பதைப் பல வாத்தியம் கற்க வருகிறவர்கள் தெரிந்துகொண்டு வர வேண்டும். 2025இல் பத்மஸ்ரீ பெற்ற மதுரை வேலு ஆசானை நாடு பறையோடு சேர்த்துத்தான் அறியும். அதே ஆண்டு பெற்ற புதுச்சேரி தட்சிணாமூர்த்தியைத் தவிலோடு. எங்கள் மாவட்டத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் என்றால் வில். ஒன்றிலேயே உயிரை விட்டவர்கள் அவர்கள். அந்த மரியாதை அவர்களுக்கு உரியது. எங்களைப் போன்றவர்கள் செட்டு கலையாமல் விடியும்வரை நிற்பதற்குப் பயன்படுகிறோம், அந்த வேலையிலும் ஒரு சுகம் இருக்கிறது.

வாத்தியப் பராமரிப்பில் என் அனுபவம் சுருக்கமானது. தோலுக்குப் பகை ஈரம். அதைவிடப் பெரிய பகை அவசரச் சூடு. பறைக்கும் கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோல்வாத்தியத்துக்கும் தீ காட்டுவார்கள் என்பதைப் பார்த்து, மழையில் நனைந்த தவிலை ஒருமுறை அடுப்பருகே வைத்துவிட்டேன், விடிவதற்குள் வெடித்தது. நிழலில் காற்றாடவிட்டு, பிறகு இளவெயில். வேனின் மேல்தட்டில் தவிலைக் கட்டக்கூடாது. இரும்பு வளையமும் திருகாணியும் வந்தபிறகு தவிலின் எடை கூடிவிட்டது. 10 கிலோவுக்கு மேலான பாரத்தை ஒரே தோளில் தொங்கவிட்டு ஊர்வலம் போனதன் பலனாக என் வலத்தோள் இடத்தோளைவிடத் தாழ்ந்திருக்கிறது. காதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் நிற்பதைத் தவிர்த்திருக்கலாம், பஞ்சாவது வைத்திருக்கலாம். இப்போது இடது காதில் உயர்ந்த சுருதி கேட்பதில்லை. அதனால் நாதஸ்வரத்தை ஏறக்குறைய விட்டுவிட்டேன்.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தபோது அந்தக் கொடைக்காலம் முழுவதும் போயிற்று. எங்கள் பிழைப்பு பங்குனியில் தொடங்கி ஆடியில் முடிகிற பிழைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் உட்கார்ந்து தின்பதற்கு அதில்தான் சேர்க்க வேண்டும். பம்பையை விற்றேன். தவிலை விற்கவில்லை. அந்த ஓராண்டில் கட்டட வேலைக்குப் போன என் கைகள் திரும்பப் பதத்துக்கு வர இன்னொரு ஆண்டு பிடித்தது. எந்தத் தொழிலுக்குப் போனாலும் நாளொன்றுக்கு அரைமணி நேரம் பலகையிலாவது தட்டிக்கொண்டிருங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வதற்கு அதுதான் காரணம். இப்போது பல ஊர்களில் செண்டை மேளத்தை அழைக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களும் ஊரை விட்டு வந்து பிழைக்கிறவர்கள். ஆனால் செண்டைக்கு ஆடத்தான் முடிகிறது என்றும், சாமக் கொடைக்கு எங்களையே கூப்பிட வேண்டியிருக்கிறது என்றும் ஒரு பூசாரி சொன்னபோது உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது உண்மை.

நேற்று முன்தினம் ஒரு கொடைக்கு மேளம் பேசத் தொலைபேசியில் அழைத்தார்கள். எத்தனை பேர் என்று கேட்டார்கள். எட்டு என்றேன். "நீரு தான் எல்லாம் வாசிப்பீரே அண்ணாச்சி, ஆறு போதாதா?" என்றார்கள். எங்கள் பம்பைக்காரரின் மகன் இப்போது அப்பாவின் இடத்தில் வாசிக்கிறான், அவன் இல்லாமல் வர மாட்டோம் என்றேன். ஊரில் கலந்துவிட்டுச் சொல்வதாக வைத்துவிட்டார்கள். இன்னும் அழைப்பு வரவில்லை. தவிலை வாசல் வெயிலில் வைத்திருக்கிறேன்.